அரங்கேற்றத்துக்குக் கிரெடிட் இல்லை

என் மகள் சாம்பவியிடம் முப்பத்திரண்டு கிரெடிட் இருந்தது. ஒரு பாடம் பாஸானால் ஒரு கிரெடிட்; ஹைஸ்கூலை முடித்து வெளியே வர முப்பது போதும். அப்படியிருந்தும் அவளுக்கு டிப்ளோமா தர முடியாது என்று பள்ளிக்கூடம் சொன்னது. இவர்களுக்குக் கணக்குத் தெரியாதோ என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது.

அது 1996 தை மாதம். சாம்பவிக்குக் கடைசி ஆண்டு. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று, உயிரியலில் தொண்ணூறுக்கு மேல் புள்ளி. பாடத்தெரிவுக்குப் பொறுப்பாக இருந்த மிஸிஸ் அலெக்ஸாண்டர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, விஷயத்தைச் சொன்னார். முப்பது கிரெடிட் என்றால் எந்த முப்பதும் இல்லையாம். அதற்குள் கட்டாயப் பாடங்கள் இருக்கின்றனவாம். அதில் ஒன்று கலைப்பாடம். சாம்பவி அதை எடுக்கவேயில்லை. யூன் மாதத்துக்குள் எடுக்காவிட்டால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் பல்கலைக்கழகமும் இல்லை.

எப்படி எடுப்பாள்? நான் விட்டால்தானே! ஒவ்வொரு மாசியிலும் அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவுசெய்யக் கேட்பார்கள். சித்திரம், நாடகம், சங்கீதம் எல்லாம் இருக்கும். "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பாப்பம்" என்று நான் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரையோ இன்னொரு விஞ்ஞானத்தையோ போடுவேன். யாழ்ப்பாணத்தில் டொக்டராக வரவேண்டிய பிள்ளை நாலே நாலு பாடம்தான் படிக்கும். சித்திரம் கீறிக்கொண்டா இருக்கும்? ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள்.

ஆனால் என் பிள்ளைக்குக் கலை தெரியாது என்றால் நான் விடுவேனா? போன ஆவணியில்தான் சாம்பவிக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்திருந்தோம். சென்னையிலிருந்து மிருதங்கக்காரர் வந்தார். மண்டபம் நிறைந்து சனம் சுவரோடு நின்று பார்த்தது. மில்லிக்கனில் வீடு வாங்கிய கோணேஸ்வரி, லேசில் யாரையும் பாராட்டாதவள், அவளே வந்து என் கையைப் பிடித்தாள். அந்தக் கோணேஸ்வரியின் மகன் பியானோ சோதனை பாஸ்பண்ணி, அதற்குப் பள்ளிக்கூடத்தில் கிரெடிட் வாங்கியவன். பியானோவுக்குக் கொடுக்கலாம், பரதத்துக்குக் கொடுக்கக்கூடாதோ?

அடுத்தநாளே, எனக்காக ஆங்கிலத்தில் சொல்லச் சாம்பவியையும் கூட்டிக்கொண்டு, அரங்கேற்ற வீடியோ கசெற்றைக் கொண்டு போய் மிஸிஸ் அலெக்ஸாண்டருக்கு முன்னால் வைத்தேன்.

"சொல்லு, பிள்ளை. எட்டு வயசிலை யாழ்ப்பாணத்திலை தொடங்கினவள், பனிக்குள்ளையும் ஒரு கிழமை வகுப்பு விட்டதில்லை, மூண்டு மணித்தியாலம் இருக்காமல் ஆடினவள், இதைவிடக் கலை என்ன வேணும் எண்டு கேள்."

சாம்பவி ஆங்கிலத்தில் ஒரு சின்ன வசனம் சொன்னாள்.

"நான் சொன்னது அவ்வளவோ?"

"அம்மா, ப்ளீஸ்."

அந்த மனுசி நல்ல மனுசி. குறை சொல்லக்கூடாது. கசெற்றைப் போட்டு வர்ணம் என்ற நீண்ட உருப்படி முடியும்வரை பார்த்தார். மிக அழகு என்றார். கண்கூட விரிந்தது. ஆனால் பியானோவுக்கு அரசாங்கம் ஒப்புக்கொண்ட சோதனை இருக்கிறது, இதற்கு அப்படி ஒன்று இல்லை, நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். இரண்டாம் தவணையில் சாம்பவிக்கு ஒரு பாடவேளை சும்மா இருந்தது. அந்த நேரத்தில் இருந்த ஒரே கலைப்பாடம் ஒன்பதாம் வகுப்புச் சித்திரம்.

கோதாரி! பத்தொன்பதாவது வயதை எட்டப்போகிற பிள்ளை பதினாலு வயதுப் பொடியளோடு இருந்து வர்ணம் தீட்டினாள். முதல் வேலைக்கே ஐம்பதுக்குக் கீழே புள்ளி. உயிரியல் கொப்பியில் தவளையின் வயிற்றைப் பிசகில்லாமல் கீறுகிறவள், மற்றதெல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் கீறியிருந்தாள். எனக்கு வேலைத்தலத்தில் பெட்டி ஒட்டும்போதுகூட அதே யோசனை. இவ்வளவு படித்த பிள்ளை ஒரு பூச்சாடிப் படத்தில் வழுக்கி விழப்போகிறாளே என்று.

வைகாசியில் கடைசி வேலை வந்தது. வீட்டிலுள்ள ஒருவரை இருத்தி, முகத்தைப் பார்த்துக் கீறவேண்டும். பாஸாவதும் விடுவதும் அதில்தான் இருந்தது.

"அப்பாவைக் கீறன்" என்றேன்.

"அப்பா கதிரையிலை இருந்தால் நித்திரை. முழிச்சிருக்கிற முகம் வேணும்."

ஞாயிறு பின்னேரம் பல்கனிக் கதவடியில் என்னை இருத்தினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, ரெலிபோனையும் கழற்றி வைத்துவிட்டாள்.

"நாடியைக் கொஞ்சம் நிமித்துங்கோ. இனிக் கதைக்கக்கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு—"

"அம்மா, வாய்."

மூடினேன். பென்சில் சரசரத்தது. பிறகு தாளைப் பார்த்தபடியே கதைக்கத் தொடங்கினாள்.

"அரங்கேற்றத்துக்குப் பிறகு நான் ஒருநாளும் ஆடேல்லை. தெரியுமோ?"

வாயைத் திறந்தேன்.

"வாய், அம்மா. டான்ஸ் டீச்சர் இனித்தான் நல்ல உருப்படியள் இருக்கு, வா எண்டு கூப்பிட்டவ. நீங்கள் காணும், இனிப் போதும் எண்டிட்டீங்கள். சனமெல்லாம் பாத்திட்டுது, இனி என்னத்துக்கு எண்டு."

உண்மைதான். இங்கே எல்லோரும் அப்படித்தானே! அரங்கேற்றம் முடிந்தால் சலங்கை பெட்டிக்குள். பிறகு படிப்பு. அதைச் சொல்லத்தான் வாய் துடித்தது.

"எனக்கு பயோலஜியும் விருப்பம். படிக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனால் ஆடவும் விருப்பம். இதைச் சொல்ல எத்தினையோ தரம் வந்தனான். தொடங்கமுந்தியே நீங்கள் பதில் சொல்லிப்போடுவீங்கள்." பென்சிலைச் சீவினாள். "நீங்கள் குறுக்கை கதைக்காமல் கேட்டது இண்டைக்குத்தான்."

தன் ஆசையைச் சொல்ல என் பிள்ளைக்கு ஒரு சித்திரப்பாடம் வேண்டியிருந்ததே என்று நினைக்க, கண் நிரம்பிவிட்டது. ஆடாமல் அசையாமல் அதை அடக்கப் பார்த்தேன்.

சாம்பவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவாயில்லை, அம்மா. கண் கீறி முடிஞ்சுது. அழலாம்."

அந்தப் படத்துக்கு எண்பத்தொரு புள்ளி. பாடம் பாஸ். யூனில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடையேறி டிப்ளோமா வாங்கினாள். என் மனுசன் படத்தைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டு, "வாய் மூடியிருக்கு. இது ஆர், எனக்குத் தெரியாத ஆளாக் கிடக்கு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நன்றாக ஏச்சு வாங்கினார்.

ஆடியில், அவளுக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகத்திலிருந்து பாடப்பட்டியல் புத்தகம் வந்தது. குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சாம்பவி முதலாம் ஆண்டுப் பாடங்களைத் தெரிவுசெய்தாள். நான் எதிரே வெங்காயம் உரித்தேன். உயிரியல், இரசாயனம், கணிதம், பௌதிகம் என்று எழுதினாள். ஐந்தாவது, அவரவர் விருப்பத்துக்கு ஒரு பாடம். கணக்கியல் எடுத்தால் எவ்வளவு நல்லது என்று எனக்கு உடனே தோன்றியது. அவள் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து, நடனம் என்று எழுதினாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் தலை நிமிரவில்லை. பேனை மட்டும் நின்றது. அவளுடைய தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன். அறைக்குள் போய்க் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி, சலங்கையை எடுத்துவந்து அவளுடைய புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே தூசி. துடைத்துவிட்டுக் கொண்டு வந்திருக்கலாம்.