ஃபுர்த்தாதோ வீட்டின் ஏப்பம்

வெளிச்சுவர் முழுக்க வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகை அடித்து முடித்த பதினோராம் நாள், மதியம் இரண்டு பத்துக்கு, அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரத்தில் மேட்டுத் தெருவின் கடைசியில் இருந்த ஃபுர்த்தாதோ வீடு ஏப்பம் விட்டது. நீளமான ஏப்பம். ஏதோ பேருந்து மேட்டில் ஏறத் திணறுகிறது என்றுதான் தெருக்காரர்கள் நினைத்தார்கள். அந்தத் தெருவுக்குப் பேருந்தே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்து வாடை வந்தது. வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை, கூடவே ஈரக் கம்பளிக் காலுறை. யாரோ போன் போட்டதில் கேஸ் கம்பெனி ஆள் லியோ பூஷே வந்தார். முப்பத்தைந்து வருடமாக அந்தத் தெருவின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து மீட்டர் பார்த்த மனிதர். சுவரோரம் நின்று இரண்டு முறை மூக்கை இழுத்துவிட்டு, “இது கேஸ் இல்லம்மா. 1953-ல ரெண்டாவது மாடில இருந்த கியோ குடும்பத்துக் கோஸ். அந்தம்மா மூணு மணி நேரம் வேகவைப்பாங்க,” என்றார். காலுறை தன் சர்வீசுக்கு முந்தியது, தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரொசால்டா ஃபுர்த்தாதோ சமையல் ஏப்ரனால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடித்த பலகையின் நிறத்தைப் பார்த்தாள். மாதிரிப் புத்தகத்தில் அதன் பெயர் பாலைவன மணல். குழந்தை கக்கிய பால் காய்ந்தால் என்ன நிறமோ அந்த நிறம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு நல்ல செய்திதான். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அசோர் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியர். ஈஸ்டருக்குப் பிறகு ஏழு வாரம், வாரம் ஒரு வீடாகப் பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் அவர்களிடம் வந்து தங்கும். தினமும் மாலையில் தெருவே கூடி அதன் முன் செபமாலை சொல்லும், பிறகு சாப்பிடும். எந்த வீடு என்பது சீட்டில் விழ வேண்டும். ஏழாவது வாரம்தான் பெரிய வாரம். பெந்தெகோஸ்து ஞாயிறன்று அந்த வீட்டு வாசலிலிருந்து கிரீடம் பவனியாகக் கோவிலுக்குக் கிளம்பும். கர்ட்டன் ஆலையில் தையல்காரியான ரொசால்டா பத்தொன்பது வருடமாகப் பெயர் போட்டாள். எட்டு முறை எதிர்வீட்டு எர்மீனியாவுக்கு விழுந்தது, ஒருமுறை செத்துப்போனவருக்குக்கூட விழுந்தது. 1986-ம் வருடத்துக்கான ஏழாவது சீட்டு ரொசால்டாவுக்கு விழுந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அவள் கணவன் உர்பானோ முதல்முறையாகத் தலையைத் தூக்கித் தன் வீட்டைப் பார்த்தான். மூன்று மாடி மர வீடு. வெளிச்சுவர் முழுக்கத் தேவதாரு மரச் செதில்கள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. எழுபத்தெட்டு வருட வெயிலிலும் பனியிலும் சாம்பல் பூத்து, சில இடங்களில் கருவாடு போலச் சுருண்டிருந்தன. உளுத்த நாற்பதை மட்டும் மாற்றினால் போதும் என்றாள் ரொசால்டா. உர்பானோ எதிர்வீட்டைக் காட்டினான். எர்மீனியா வீடு போன வருடமே வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டிருந்தது.

வேலைக்கு ரொசால்டாவின் தம்பி குவால்தெர் வந்தான். படகு பழுதுபார்க்கிறவன். பழைய செதில்களைக் கழற்றவே இல்லை; உளுத்தது, பூஞ்சை பிடித்தது, அணில் செத்துக்கிடந்தது எல்லாவற்றின் மேலும் அப்படியே பலகையை வைத்து அறைந்தான். ஆணி அடிக்க நீளத் துளைகள் விட்ட பலகை அது. கூட வந்த தாளை ரொசால்டா கண்ணாடி போட்டுப் படித்தாள். ஆணியை முழுக்க இறக்காதே, ஒரு பத்து சென்ட் காசின் கனத்துக்கு இடைவெளி விடு, வெயிலில் பலகை விரியும் என்று எழுதியிருந்தது.

“டேய், தளர்த்தி அடிக்கணுமாம்டா. பலகை தொங்கணுமாம், இறுகக் கூடாதாம்.”

“தொங்குறதுக்கு இது என்ன துணிக்கொடியா? அக்கா, நான் அடிச்ச ஆணில இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்ததில்ல.”

“அது படகுடா. இது வீடு.”

“மாப்ள, நீ இறுக்கு,” என்று கீழேயிருந்து உர்பானோ சொன்னான். “காத்தடிச்சா கடகடன்னு ஆடுற வீட்டுக்குக் கிரீடம் வர்றதா? எர்மீனியா சிரிப்பா.”

குவால்தெர் இறுக்கினான். மூன்று மாடி, நான்கு பக்கம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஆணி. ஒவ்வொன்றையும் கடல் உள்ளே வந்துவிடும் என்கிற பயத்தோடு இறக்கினான்.

முதல் ஏப்பத்துக்குப் பிறகு வீடு ஒழுங்காக, தினமும் அதே நேரத்துக்கு ஏப்பம் விட்டது. செவ்வாய் கருகிய பால். புதன் சுருட்டு, அதோடு ஏதோ ஒரு தாத்தாவின் முழங்கால் தைலம். வியாழன் நனைந்த நாய். வெள்ளி வந்தது என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மேல்மாடியில் குடியிருந்தவர்கள் அன்றே அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்கள். எழுபத்தெட்டு வருடமாகச் செதில்களின் இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்த மூச்சு இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே புளித்தது. சுவர்கள் உப்பின. தெற்குப் பக்கம் விருந்துக்குப் போய்வந்தவன் தொப்பை மாதிரி தள்ளிக்கொண்டு நின்றது. அடி விளிம்பில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒன்று வடிந்தது. பூனை அதை ஒருமுறை நக்கிவிட்டு ஊரைவிட்டே போனது. உள்ளே செதில்கள் உரிந்து விழும் சத்தம், பல் இல்லாதவர் ரொட்டி மெல்லுகிற சத்தம் போல, நாள் முழுக்கக் கேட்டது. உர்பானோ தினமும் வாசலில் நின்று, “பாரு, ஒரு வருஷம் பெயின்ட் செலவு மிச்சம்,” என்றான், வாயால் மூச்சுவிட்டபடி.

ஏழாவது வாரம் கிரீடம் வந்தது. முன்னறையில் வெள்ளைத் துணி, காகிதப் பூ, படிப்படியாக அடுக்கிய மெழுகுவர்த்தி. கிரீடத்தின் உச்சியில் சிறகு விரித்த வெள்ளிப் புறா. முதல் மாலை, செபமாலையின் இரண்டாவது தேவ இரகசியத்தின் நடுவில், வீடு மத்தியானத்து மிச்சத்தைக் கொஞ்சம் விட்டது. வெள்ளிப் புறா சிறகை மடக்கி, தலையை அதற்குள் செருகிக்கொண்டது. எல்லோரும் பார்த்தார்கள். செபமாலை நிற்கவில்லை. பிறகு மாட்டிறைச்சிச் சாற்றில் புதினா போட்டு ஊறவைத்த ரொட்டியை எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள், விழுங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் ரொசால்டாவுக்கு ஏப்பத்தைவிட அதிகமாகக் குமட்டியது.

புறா ஐந்து நாளும் தலையை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சமையற்கட்டில் எர்மீனியா வந்து நின்றாள். விழாக் குழுவில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் எல்லாம்.

“அடியே ரொசால்டா, தப்பா எடுத்துக்காதே. ஞாயித்துக்கிழமை பவனி என் வீட்டு வாசல்லேருந்து கிளம்பட்டும்னு குழுவுல பேசிட்டோம். புறாவுக்கும் காத்தோட்டமா இருக்கும்.”

“பேசிட்டீங்களா? யார் யாரு பேசினீங்க?”

“நான்தான்.”

“எட்டு தடவை உன் வாசல்லதானேடி நின்னுச்சு. சலிக்கலியா அதுக்கு?”

“எனக்கென்ன ஆசையா? பாண்டுக்காரங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எப்படிடி ஊதுவாங்க? நாளைக்குச் சாயங்காலம் வரேன். அதுக்குள்ள அது தலையைத் தூக்கினா தூக்கட்டும்.”

சனிக்கிழமை காலை உர்பானோ விழாக் கூடத்துக்கு மாட்டிறைச்சி வெட்டப் போனான். ரொசால்டா குவால்தெர் விட்டுப்போன கொக்கிக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, ஒரு பத்து சென்ட் காசை உதட்டில் கவ்விக்கொண்டு ஏணியில் ஏறினாள். தகவல் கேட்டு ஓடிவந்த குவால்தெர் ஏணியைப் பிடித்துக்கொண்டான், முகத்தை மட்டும் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. கொக்கியால் பலகையின் அடியைக் கழற்றி, ஆணியை நெம்பி, தலைக்கு அடியில் காசு நுழைகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கழற்றிய இடத்திலெல்லாம் முகத்திலேயே அடித்தது: பழைய பூண்டு, பழைய காய்ச்சல், யாரோ எப்போதோ மறைத்து வைத்த சாராயம். இரண்டு முறை கீழே இறங்கி ரோஜாச் செடியில் வாந்தி எடுத்தாள். மறுபடி ஏறினாள்.

நாற்பத்தோராவது ஆணியில் வீட்டுக்குப் புரிந்துவிட்டது. மிச்ச ஆணிகளெல்லாம், நான்கு பக்கமும், தாமாகவே ஒரு காசு கனத்துக்கு வெளியே வந்தன, விருந்து முடிந்து ஆட்கள் இடுப்புவாரைத் தளர்த்துகிற மாதிரி. பிறகு வீடு மூச்சுவிட்டது. இருபத்திரண்டு நிமிடம் விட்டது. கோஸ், சுருட்டு, தைலம், நாய், வெள்ளிக்கிழமைச் சமாச்சாரம் எல்லாம் தெருவைக் கடந்து எர்மீனியா வீட்டுத் திறந்த ஜன்னல்களுக்குள் போயின. கடைசியில் உலர்ந்த தேவதாரு மணம் கொஞ்சம் வந்தது, அதோடு நின்றது. தெற்குச் சுவரின் தொப்பை வடிந்தது. பலகைகள் காற்றில் கடகடத்தன.

ரொசால்டா தலைமுடியில் பழுப்புப் பிசினோடு முன்னறைக்குள் போனாள். புறா தலையை வெளியே எடுத்து, அவளைப் பார்த்து, தும்மியது. சாயங்காலம் சொன்னபடி எர்மீனியா வந்தாள். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே புறாவைப் பார்த்தாள். “சரி, இங்கேருந்தே கிளம்பட்டும். என் வீட்டுல நிக்க முடியலடி,” என்றாள்.

பவனி ஃபுர்த்தாதோ வாசலிலிருந்துதான் கிளம்பியது. பாண்டுக்காரர்களின் பெரிய ஊதுகுழலுக்குள் எங்கேயோ கொஞ்சம் 1953-ம் வருடத்துக் கோஸ் தங்கிவிட்டதால் அது இன்றைக்கும் தாழ்ந்த ஸ்வரங்களில் மட்டும் லேசாக மணக்கிறது, ஊதுகிறவர்கள் பழகிக்கொண்டார்கள். வீடும் வழக்கத்தை அடியோடு விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, பெந்தெகோஸ்துக்கு முந்தைய சனிக்கிழமை இரண்டு பத்துக்கு, ஒரு ஏப்பம். அந்த நேரத்துக்குத் தெருவில் சாறு வைத்திருப்பவர்கள் பானையை மூடிவைக்கிறார்கள். கேஸ் கம்பெனிப் புகார்ப் புத்தகத்தில் லியோ பூஷே ஓய்வு பெறுவதற்கு முன் “ஃபுர்த்தாதோ, வழக்கமானது, ஆள் அனுப்ப வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போனார்.

ஏப்பத்தைப் பற்றி ரொசால்டாவுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நிறத்தைத்தான் அவளால் இன்னும் சகிக்க முடியவில்லை.