பேச்சு நின்ற வீடு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய அங்கன்வாடியில் ருனுவுக்கு வாய் இருந்தது, பேச்சுதான் இல்லை. ஒடிசாவிலிருந்து உப்பு வார வந்தவர்களின் மகள். சேர்ந்த புதிதில் தன் மொழியிலாவது எதையோ முணுமுணுப்பாள். இப்போது அதுவும் நின்றுவிட்டது. பென்சிலைக் கொடுத்தால் கீழே வைத்துவிடுவாள். வருகிற வருஷம் ஒன்றாம் வகுப்பில் இந்தப் பிள்ளை என்ன பாடுபடுமோ என்று ஜான்சி டீச்சருக்குத் தூக்கமே போனது.

அளத்து வேலை ஓய்ந்த மத்தியானத்தில், படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்கள் குடிசைக்குப் போனாள். தாய் சுகாந்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "சாப்பிடு" என்றாள் மகளிடம். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி". அவ்வளவுதான். எழவு வீட்டில்கூட இதைவிடப் பேச்சு இருக்கும்.

"என்னப்பா, வீட்ல யாரும் பேசிக்கவே மாட்டீங்களா?" என்று தகப்பன் பைகுண்டனிடம் கேட்டாள் ஜான்சி. பல வருஷமாக வந்துபோகிற ஆள், தமிழ் நன்றாகவே வரும்.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க, வீட்ல தமிழ்லயே பேசுங்கன்னு. சுகாந்திக்குத் தமிழ்ல நாலு வார்த்தைதான் தெரியுது. அதை வச்சிப் பேசுறா. தாலாட்டுகூடப் பாடுறதில்ல."

ஜான்சிக்கு அப்போதுதான் புரிந்தது. நல்லது சொல்வதாக நினைத்து ஒரு தாயின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள். டீச்சர் சொன்னால் வேதவாக்கு என்று அந்தப் புண்ணியவதியும் தாலாட்டைக்கூட நிறுத்தியிருக்கிறாள்.

"தப்பு என்னோடதுதான். உங்க பாஷையிலயே பேசச் சொல்லுப்பா. இந்தப் புக்குல எழுத்தே இல்ல, படம்தான். பார்த்துத் தோணுற கதையைச் சொல்லட்டும்."

பைகுண்டன் எடுத்துச் சொன்னதும் சுகாந்தி டீச்சரின் முகத்தை நம்பாமல் பார்த்தாள். பிறகு மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். மழையில் நனையும் யானைக்குட்டி. மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் மடை திறந்துகொண்டது. யானையாகப் பிளிறினாள், தவளையாகக் கத்தினாள், கெஞ்சினாள், அதட்டினாள். இத்தனை பேச்சையும் இந்தப் பெண் எங்கேதான் அடக்கி வைத்திருந்தாளோ. ஜான்சிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவளும் படத்தைப் பார்க்க நகர்ந்து உட்கார்ந்தாள்.

தவளை மறுபடி வந்த பக்கத்தில் ருனு தாயை முந்திக்கொண்டாள். படத்தில் விரலை வைத்துக் கத்தினாள், சிரித்தாள், கதையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அவளா இவள் என்று ஜான்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் டீச்சரின் பையிலிருந்து பென்சிலைத் தானே எடுத்து, கடைசிப் பக்கத்தில் இடமிருந்து வலமாக, அலை அலையாக ஒரு கிறுக்கல் போட்டாள் ருனு.

"என்ன எழுதியிருக்க தங்கம்?" என்று கேட்டாள் ஜான்சி.

அந்தக் கிறுக்கல் மேல் விரலை ஓட்டியபடி, அங்கன்வாடியில் ஒருநாளும் வராத தமிழில் ருனு படித்துக் காட்டினாள்.

"அம்மா பேசுது."