உச்சாணிக் குழு

மெத்தை தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பதவி இருந்தது. கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவருக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர்தான் இருந்தது. சர்வர்காரர். மாமனார் போகிற இடத்திலெல்லாம் "எங்க மாப்பிள்ளை சர்வர் பாக்குறாரு" என்று பெருமையாகச் சொல்ல, கேட்டவர்கள் "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டார்கள். முதலில் சர்வர்காரர் விளக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். யோசித்தால் இரண்டும் ஒரே வேலைதான். கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். தாமதமானால் திட்டு விழும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு பயல் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

அலுவலகத்து ஆட்கள், கம்ப்யூட்டர்கள், பிரின்டர்கள் எல்லாம் டைரக்டரி என்கிற ஒரே பட்டியலில் மரம் மாதிரிக் கிளைகிளையாக இருந்தன. காலையில் யார் வந்து பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினாலும், மூன்றாம் மாடியில் ஏசி போட்ட அறைக்குள் இருக்கும் சர்வர் 'இவர் நம்ம ஆள்தானா' என்று பார்த்துத்தான் உள்ளே விடும். யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பது அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கணக்குக் குழுவில் இருந்தால் கணக்குகள் திறக்கும், விற்பனைக் குழுவில் இருந்தால் விற்பனை. எதையும் திறக்கலாம், எதையும் மாற்றலாம் என்ற அட்மின் குழுவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது சர்வர்காரர்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மச்சான் சார் கோபமாக வந்து நின்றார்.

மச்சான் சார் என்பவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி, கொள்முதல் பிரிவுக்குத் தலைவர். இரண்டாவது தகுதி முதல் தகுதியால் வந்தது. திரையில் மீன்கள் நீந்துகிற ஒரு சாஃப்ட்வேரை அவர் தன் கம்ப்யூட்டரில் போடப் பார்த்திருக்கிறார். உடனே ஒரு பெட்டி எழும்பி வந்து, 'இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவை' என்றிருக்கிறது.

"நானே இங்க ஒரு நிர்வாகி. என்கிட்டயே நிர்வாகி அனுமதி கேக்குதா? யாருங்க அந்த நிர்வாகி?"

"நான்தான் சார்" என்றார் சர்வர்காரர், மெதுவாக.

மச்சான் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கம்பெனியில் தனக்குத் தெரியாமல் ஒரு சதி நடந்திருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது. அடுத்த நிமிடம் முதலாளியிடமிருந்து போன். "அவன் கேக்குறதைக் குடுத்துத் தொலைங்க தம்பி. இல்லன்னா வீட்டுல என்னால சாப்பிட முடியாது."

சர்வர்காரருக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. போன வருடம் விற்பனைத் தலைவருக்கு இதே மாதிரி அட்மின் உரிமை கொடுத்தபோது, அவர் மவுஸ் கை தவறி விற்பனைக் கிளையையே மரத்திலிருந்து முறித்து வேறெங்கோ ஒட்டி வைத்தார். விற்பனை ஆட்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் திறக்காமல் அன்று முழுக்க வாசலில் நின்று கதை பேசினார்கள். மச்சான் சார் கையில் அது கிடைத்தால் குரங்கு கைப் பூமாலைதான். முதலாளி சொல்லைத் தட்டவும் முடியாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர் புதிதாக ஒரு குழுவை உருவாக்கினார். அதற்கு எந்த உரிமையும் கொடுக்கவில்லை. ஒரு பிரின்டரில் பேப்பர் தள்ளுகிற உரிமைகூட இல்லை. மரத்தின் நுனியில் அதைத் தொங்கவிட்டு, 'உச்சாணிக் குழு' என்று பெயர் வைத்து, மச்சான் சாரைச் சேர்த்தார். மீன் சாஃப்ட்வேரைத் தன் இடத்திலிருந்தே அவர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்.

மச்சான் சார் மீன்களைப் பார்த்தார். குழுவின் பெயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுல என்னென்ன செய்யலாம்?"

"எல்லாம் செய்யலாம் சார். ஆனா எதையும் செய்யாம இருக்கிறதுலதான் இதோட மதிப்பே இருக்கு."

"புரியுது, புரியுது. அணுகுண்டு மாதிரி."

அதோடு விஷயம் முடிந்தது என்று சர்வர்காரர் நினைத்தார். மச்சான் சார் வாய் சும்மா இருக்கிற வாயா? மறுநாளே கணக்கு அம்மா வந்தார். அவர் தலைமைக் கணக்காளர், ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான், அவர் கையெழுத்தில்லாமல் அந்தக் கட்டடத்தில் பல்புகூட மாறாது.

"கொள்முதல்ல உக்காந்திருக்கிற அந்தப் பையன் உச்சாணியில இருக்கான், நான் கீழ இருக்கணுமா?"

அவரைச் சேர்த்தார். அவரைச் சேர்த்ததால் விற்பனைத் தலைவரைச் சேர்த்தார். அவரைச் சேர்த்ததால் விளம்பரத் தலைவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை, ஆகவே அவரையும் சேர்த்தார். கொஞ்ச நாளில் மின்னஞ்சல்களின் அடியில் பெயர், பதவி, அதற்குக் கீழே 'உறுப்பினர், உச்சாணிக் குழு' என்று வர ஆரம்பித்தது. குழுவுக்குக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்று கணக்கு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இனிமேல் யாரையும் சேர்ப்பதானால் குழு கூடி முடிவு செய்யும் என்று ஒரு விதி போட்டார்கள். சோபா வந்தது. உறுப்பினர்களுக்குத் தனி டீ கோப்பை வந்தது.

நான்காவது கூட்டத்தில், சர்வர் அறைச் சாவி உச்சாணிக் குழு உறுப்பினர்கள் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சர்வர்காரர் மனசுக்குள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் தன் மேசையிலிருந்தே நெட்வொர்க் வழியாகச் செய்யக்கூடியதுதான். அந்தக் குளிர் அறைக்குள் போனால் அவருக்குத் தும்மல்தான் வரும்.

ஆனால் நாள் போகப் போக அவருக்குள் ஏதோ ஒன்று அரிக்க ஆரம்பித்தது. கூட்டம் நடக்கும் அறையைத் தாண்டிப் போகும்போது நடை தானாக மெதுவானது. ஒரு நாள், விளையாட்டாகக் கேட்பது போல, கணக்கு அம்மாவிடம் கேட்டேவிட்டார்.

"மேடம், நானும் குழுவுல இருந்தா உங்களுக்கெல்லாம் உதவியா இருக்கும்ல?"

கணக்கு அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகச் சொன்னார். "நீங்க வேலை செய்யறவருப்பா. இது அதிகாரத்துல இருக்கிறவங்களுக்கு."

அன்று வீட்டுக்கு வந்தும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. மனைவி ஒரு பல் மருத்துவமனையில் நர்ஸ். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்ப்பவளுக்குப் புருஷன் வாயைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். கேட்டுவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, நீங்களே செஞ்சு வச்ச காலி டப்பா. அதுக்குள்ள உக்கார இடம் கேட்டீங்களாக்கும்?"

"கேக்கல. சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"வேணும்னா நீங்களே உங்களைச் சேத்துக்க வேண்டியதுதானே. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"அது எப்படி நானாப் போய்ச் சேர்றது?" என்றார் சர்வர்காரர், கொஞ்சம் சூடாக. "கூப்பிட வேண்டாமா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நோய் முற்றிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் மின்சார வேலைக்காகக் கட்டடம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். காலையில் வந்த ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் எல்லாத் திரையிலும் ஒரே பதில்: 'இந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நேரம் ஒத்துப்போகவில்லை.'

"யாருக்கு நேரம் சரியில்லையாம்?" என்று மச்சான் சார் கவலையோடு கேட்டார்.

சர்வர்காரருக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பழைய சர்வர். கரன்ட் போனாலும் கடிகாரம் ஓடுவதற்காக அதற்குள் பட்டன் அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்திருக்கும். கரன்ட் வந்ததும் சர்வர் எழுந்து, என்றைக்கோ கழிந்துபோன ஒரு தேதியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் தப்பினால் இந்த நெட்வொர்க்கில் யாரும் யாரையும் நம்புவதில்லை. அதனால் சர்வர்காரரின் மேசையையும் அது நம்பவில்லை. நேராகப் போய், சர்வர் முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது.

சாவிக்காகக் கூட்ட அறைக்கு ஓடினார். உச்சாணிக் குழு அவசரமாகக் கூடியிருந்தது.

"மேடம், சாவி குடுங்க. கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடறேன்."

"நீங்க உறுப்பினர் இல்லையேப்பா" என்றார் கணக்கு அம்மா. "தீர்மானம் இருக்கே."

"அப்ப இப்பவே என்னை உறுப்பினர் ஆக்கிடுங்க!"

சொல்லும்போது தன் குரலில் தேவைக்கு மேல் ஆசை இருந்ததை அவரே கவனித்தார். குழு தலையைச் சேர்த்து வைத்துப் பேசியது. கடைசியில் விற்பனைத் தலைவர் நிமிர்ந்தார்.

"ஆட்சேபம் இல்ல. உங்க பேரைக் குழுவுல ஏத்திடுங்க. ஏத்தினதும் சாவி தர்றோம்."

"ஏத்தறதுக்கு நான் சர்வருக்குள்ள போகணும் சார்."

"போங்க."

"போறதுக்குச் சாவி வேணும்."

"அதுக்குத்தான் உறுப்பினர் ஆகணும்னு சொல்றோம்."

சர்வர்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதையாக இருந்தது. இதற்குள் கீழே தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்துவிட்டான். சரக்கு அனுப்பும் சீட்டு அச்சாகாததால் மெத்தைகள் லாரியில் ஏறாமல் கிடக்கின்றன, ஓட்டுநர்கள் அவற்றின்மேல் படுத்துத் தூங்குகிறார்கள் என்று சொன்னான். கணக்கு அம்மாவின் முகம் மாறியது. விதி வேறு, லாரி வேறு.

"ஒண்ணு செய்யுங்க. உறுப்பினர் ஒருத்தர் கதவைத் திறந்து உள்ள போகட்டும். இவர் துணைக்குப் போகட்டும்."

மச்சான் சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்த நாளுக்காகத்தான் அணுகுண்டைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்பது போல் மூன்றாம் மாடிக்கு நடந்தார்.

சர்வர் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மச்சான் சார் உட்கார்ந்தார். சர்வர்காரர் பக்கத்தில் குனிந்து நின்று, தும்மிக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினார். தேதி அவர் நினைத்தபடிதான் இருந்தது. அந்தத் தேதியில் மச்சான் சார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். சரியான தேதியையும் மணியையும் போட்டார்.

"நான் எதை அமுக்கணும்?" என்று கேட்டார் மச்சான் சார்.

சர்வர்காரர் ஒரு கணம் யோசித்தார். "என்டரை அமுக்குங்க சார்."

அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் கீழ்மாடியிலிருந்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று குரல்கள் கேட்டன. மச்சான் சார் படியிறங்கி வரும்போது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். பின்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தவரை, "கொஞ்சம் வழி விடுங்க" என்று யாரோ ஓரமாக ஒதுக்கினார்கள்.

சர்வர்காரர் நேராக முதலாளி அறைக்குப் போனார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, சாவியை வாங்குவது, அந்தக் குழுவையே அழித்துவிடுவது என்ற தீர்மானத்தோடு போனார்.

"சார், ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த உச்சாணிக் குழுவுக்குள்ள ஒண்ணுமே இல்ல. சும்மா பேரு. வெறும் காலி."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "தெரியும் தம்பி."

"எப்படி சார் தெரியும்?"

"என் மச்சான் இத்தனை மாசமா அதுல இருக்கான், ஒண்ணும் கெடல. அப்பவே தெரிஞ்சுபோச்சு." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அது இருக்கட்டும், தொடாதீங்க. முன்னெல்லாம் வருஷா வருஷம் பதவி உயர்வு, பெரிய ரூம், புதுக் காருன்னு வரிசையா வந்து நிப்பாங்க. இந்த வருஷம் ஒருத்தர் கதவைத் தட்டல. எல்லாரும் உச்சாணியில சந்தோஷமா இருக்காங்க. எதுக்குக் கொம்பை வெட்டணும்?"

சர்வர்காரர் வாசல் பக்கம் திரும்பினார்.

முதலாளி கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அதுக்கு மேல இன்னொண்ணு போட முடியுமா?"

"மேலன்னா?"

"எனக்கு மட்டும்."

"சார், அதுவும் காலியாத்தான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். பேரை மட்டும் கொஞ்சம் கனமா வைங்க. நீங்க இவ்வளவு செய்யறீங்க, உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

குழுவை அழிக்க வேண்டும், சாவி வேண்டும், ஒரு உதவியாளர் வேண்டும், புது சர்வர் வேண்டும். நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக நின்றன. ஆனால் வாயைத் திறந்ததும் வெளியே வந்தது வேறு.

"என்னையும் அந்தக் குழுவுல சேத்துக்கச் சொல்லுங்க சார்."

முதலாளி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் சர்வர்காரருக்குக் கொஞ்சம் வெட்கமாவது வந்திருக்கும். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

உச்சாணிக் குழு நீண்ட நேரம் விவாதித்து, அவரைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று சேர்த்துக்கொண்டது. கையைத் தூக்கி வாக்குப் போட முடியாது, கருத்துச் சொல்லலாம். சோபாவில் இடமில்லை, பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவரே போய், அவரே தன் பெயரைக் குழுவில் ஏற்றினார். ஏற்றியதும் திரையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு குழுவில் தன் பெயர் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

முதல் கூட்டத்தன்று சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். மனைவி வாசல்வரை வந்து, காலரை மட்டும் சரி செய்து அனுப்பினாள்.

கூட்டத்தில் அன்று ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. புதிதாக வந்திருக்கும் கிடங்கு மேலாளர், தன்னையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கிடங்கில் எந்தக் கோளாறு வந்தாலும் ஓடிவந்து பார்க்கிற, நல்ல உழைப்பாளி. சேர்த்துக்கொண்டால் என்ன என்று மச்சான் சாரே சொன்னார். கணக்கு அம்மாவும் தலையை ஆட்டினார்.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது.

"தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் சர்வர்காரர். "நல்ல மனுஷர்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது என்ன சாதாரணக் குழுவா? கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டா இதுக்கு என்ன மரியாதை? கொஞ்ச நாள் போகட்டும். தகுதியைப் பாக்கலாம்."

அறையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் அவர் பேசி எல்லோரும் கவனித்தது அதுதான் முதல் தடவை. கணக்கு அம்மா மெல்லத் தலையசைத்து, அதை அப்படியே தீர்மானமாக எழுதச் சொன்னார். யாரோ அவருக்கும் ஒரு டீ கொண்டுவரச் சொன்னார்கள்.