அணியில் மூன்றாவது ஆள்

ரலிட்சாவை அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதை யாரும் வாய் திறந்து அவளிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போலக் காபியும் கையுமாக உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, விளையாட்டைத் திறந்தவளிடம் கம்ப்யூட்டர்தான் சொன்னது: 'நீங்கள் இந்த அணியில் இல்லை.'

ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை மூடித் திறந்தாள். மூன்றாவது தடவை அணியின் பட்டியலைப் பார்த்தாள். தம்பி யாவோர் இருந்தான். அவன் பள்ளிக்கூட நண்பன் பிளாமென் இருந்தான். அவள் பெயர் இருந்த இடத்தில் ஓக்ன்யான் என்று ஒரு பெயர். தம்பியின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன்.

அந்த அணியை உண்டாக்கியவளே அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாவோர் கால் உடைந்து நாலு மாசம் கட்டிலில் கிடந்தபோது, அவன் மனசு விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று அவள் தொடங்கிய ஆட்டம். கால் குணமானது, ஆட்டம் நிற்கவில்லை. சனிக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை அவரவர் வீட்டிலிருந்து கோட்டையைப் பிடிப்பார்கள். பிறகு எல்லோரும் யாவோர் வீட்டில் கூடிச் சாப்பாடு, ராக்கியாச் சாராயம், தோற்ற கதை, ஜெயித்த கதை. மற்ற இருவரும் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ரலிட்சா பின்னாலேயே போய், அடிபட்டு விழுகிறவர்களுக்கு மருந்து கொடுத்து எழுப்பிவிடுவாள். அவள் ரூசே நகரத்தில் டிராலிபஸ் ஓட்டுகிறவள். சனிக்கிழமை லீவு கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகர அரங்கில் இந்த ஆட்டத்துக்குப் போட்டி என்றதும், அந்த ஞாயிற்றுக்கு மட்டும் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தாள்.

காபியை அப்படியே வைத்துவிட்டு, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

யாவோர் வீட்டு முற்றத்தில் மிளகாய் சுடும் வாசனை தெருமுனைக்கே வந்தது. செப்டம்பர் மாசம். அவன் மனைவி கெர்கானா சிவப்புக் குடைமிளகாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட, அம்மா ஸ்வெட்டானா தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி. கண்ணு இப்போ எப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"என் கண்ணுக்கு என்னம்மா?"

"கண்ணு வலிக்குது, இனிமே விளையாட மாட்டேன்னு சொல்லிட்டியாமே. யாவோர் சொன்னான். நல்லதுதான் போ, வண்டி ஓட்டுற கண்ணு."

அதுவரை ரலிட்சாவுக்கு வருத்தமும் கோபமும் பாதிப்பாதியாக இருந்தது. அந்த நிமிஷத்தில் வருத்தம் போய்விட்டது.

உள்ளே யாவோரும், போட்டிப் பயிற்சிக்காக அன்றைக்கு அங்கேயே வந்துவிட்ட பிளாமெனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ஓக்ன்யானின் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"எனக்குக் கண்ணு வலியாடா?"

யாவோர் திரும்பவில்லை. "அக்கா, ஒரு நிமிஷம். இந்த ஆட்டம் முடியட்டும்."

"எனக்குக் கண்ணு வலியான்னு கேட்டேன்!"

பிளாமென் தலையை இன்னும் கொஞ்சம் திரைக்குள் நுழைத்துக்கொண்டான். யாவோர் விரலை எடுக்காமலே சொன்னான்: "ஒரே ஒரு போட்டிக்குத்தான்க்கா. நீ கொஞ்சம் மெதுவாயிட்டே. போன மாசம் நாலு ஆட்டம் உன்னாலதான் போச்சு. மூஞ்சிக்கு நேரா சொன்னா கஷ்டப்படுவேன்னுதான்..."

"அதனால அம்மாகிட்ட பொய் சொன்னியா? என்னைக் குருடியாக்கிட்டு, என் எடத்துல நேத்து வந்தவனை உக்கார வச்சியா? ஒன்பது வருஷம்டா! ஊரே ஆத்தங்கரையில காத்து வாங்குற ஞாயித்துக்கிழமை நான் வண்டி ஓட்டினேன். யாருக்காக? நீ செத்து விழுந்தப்பல்லாம் ஓடி வந்து தூக்கினேனே, அப்போ நான் மெதுவாத் தெரியலையா? என்னைக் கேக்காம கொள்ளாம எல்லாத்தையும் செஞ்சிட்டு, கஷ்டப்படுவேன்னு பாத்தானாம்!"

"கேக்காம கொள்ளாமன்னா சொல்றீங்க, அண்ணி?"

வாசற்படியில் கெர்கானா நின்றிருந்தாள். விரலெல்லாம் கரி.

"ஒன்பது வருஷம்னு நீங்க சொன்னதும்தான் நானும் எண்ணிப் பாத்தேன். ஒன்பது வருஷமா சனிக்கிழமை நான் எங்க நிக்கிறேன்? அடுப்புகிட்ட. ஒரு மணிக்கு நீங்கல்லாம் வந்து உக்காருவீங்க. அந்தக் கோட்டை, இந்தச் சண்டைன்னு பேசிச் சிரிப்பீங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நானும் சிரிப்பேன். என்னை யாராவது கேட்டீங்களா?"

"நீ விளையாட மாட்டேன்னு..." ரலிட்சா தடுமாறினாள்.

"எப்போ சொன்னேன்?"

ரலிட்சாவுக்கு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் தன் வீட்டுக்கு வந்திருந்த கெர்கானா, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, இந்தப் பொத்தான் எதுக்கு அண்ணி என்று கேட்டாள். 'ஒரு நிமிஷம்' என்றாள் ரலிட்சா. அந்த நிமிஷம் முடியவே இல்லை. அவளுக்குக் காது சுட்டது. கோபம் தீரவில்லை, இப்போது தன்மேலும் கொஞ்சம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

யாவோர் கருகல் வாசனையை மோந்து பார்த்தான். "கெர்கானா, மிளகாய் கருகுது பாரு."

"கருகட்டும்!" என்று கத்தினாள் கெர்கானா. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. முற்றத்தில் அம்மா "என்னடி ஆச்சு?" என்றாள்.

ரலிட்சா தம்பியின் நாற்காலி முதுகைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். "எழுந்திருடா. போய் மிளகாயைப் பாரு."

"ஆட்டம் பாதியில..."

"எழுந்திரு!"

டிராலிபஸ்ஸில் தகராறு பண்ணும் குடிகாரனை இறக்கிவிடுகிற குரல் அது. யாவோர் எழுந்து போனான். கெர்கானா கரிக்கையோடு உட்கார்ந்தாள்.

"இது உங்களுக்காக இல்ல. உங்க மேலயும் கோவம்தான் எனக்கு," என்றாள், திரையைப் பார்த்தபடி.

"தெரியும். இடது கையை இங்க வை. இது முன்னால போக."

ஸ்பீக்கரில் ஓக்ன்யான் அலறினான். "யாவோர்! எங்கடா போற? அது சுவர்டா!"

"யாவோர் மிளகாய் சுடப் போயிட்டான். நீ வாயை மூடிட்டு விளையாடு," என்றாள் கெர்கானா. பிளாமென் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். "நீயும்தான்," என்றாள் அவனிடம். அரை நிமிஷத்தில் ஆட்டத்தில் அவள் செத்து விழுந்தாள்.

அன்றைக்கு ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்தான் சாப்பாடு. யாவோர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். ரலிட்சா சாப்பிடாமலே கிளம்பினாள். அவன் வாசல் வரை வந்து "அக்கா" என்றான். அவள் நிற்கவில்லை.

போட்டிக்கு யாவோரும் பிளாமெனும் ஓக்ன்யானும் போய் மூன்றாவதாக வந்தார்கள். யாவோர் அனுப்பிய படத்தை அவள் திறக்கவில்லை. கெஞ்சி வாங்கிய லீவை வீணாக்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமை கெர்கானாவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, ஐந்து மணிநேரம் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். கெர்கானா எதையும் பொறுமையாகக் கற்கவில்லை. மேசையைக் குத்தினாள், லாரி டிரைவர்கள்கூடக் கூசுகிற வார்த்தைகளைச் சொன்னாள். இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று ரலிட்சாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை யாவோர் போன் பண்ணினான். "தப்பு என்னோடதுதான்க்கா. சொல்லியிருக்கணும். திரும்ப வந்துடு."

"சொல்லியிருக்கணும்," என்றாள் ரலிட்சா. "நான் வரல. வேற அணியில இருக்கேன்."

"யாரோட?"

"உன் பெண்டாட்டியோட. இப்போ மணி பத்தாகுது. போனை வை, மதியம் என்ன சமைக்கிறதுன்னு அம்மாகிட்ட கேட்டுக்கோ."