முதுகில் ஏறும் மூட்டை

எங்கள் நாய்க்குட்டிக்கு ஐந்து மாதம். மூட்டை என்றுதான் கூப்பிடுவோம். போன வாரம், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை மூடக் குனிந்தபோது அவர் முதுகில் தாவி ஏறிவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை வருவேன். சொன்னா உட்காரணும். இல்லேன்னா யார்கிட்டயாவது குடுத்துடுங்க," என்றார். என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பூங்காவில் நடக்கும் நாய்ப் பயிற்சிக்கு மூவரும் போனோம். பயிற்சிக்கார அம்மா பை நிறைய பிஸ்கட்டோடு நின்றார்.

"எங்க, உட்காரச் சொல்லுங்க பாப்போம்."

"உட்காரு," என்றேன். மூட்டை என்னையே பார்த்தது. இப்படித்தான் என்று காட்ட நானே முட்டியை மடக்கினேன். ஒரே தாவல், பிடரியில் அதன் மூச்சு. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன வேலைங்க உங்களுக்கு?"

"கிடங்குல லோடு இறக்குறேன்மா."

"அதான் இப்படி முதுகைக் குடுக்குறீங்க. வீட்லயும் தூக்குவீங்களோ?"

"தினமும் முதுகுல ஏத்திக்கிட்டு கூடத்துல மூணு சுத்து," என்று மனைவி போட்டுக் கொடுத்தாள்.

"அப்ப அது சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கு. பயிற்சி உங்களுக்குத்தான் வேணும்."

நிமிர்ந்து நிற்க வேண்டும். பிஸ்கட்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். பின்புறம் தரையில் பட்டதும் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. இருபது வருடம் மடங்கிய முட்டி கேட்க வேண்டுமே! வீட்டில் பழகும்போதெல்லாம் மனைவி பின்னாலேயே நின்று, "மடங்குது பாருங்க, மடங்குது!" என்று கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மாலை வீட்டுக்காரர் வந்தார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தூண் மாதிரி நின்றேன்.

"உட்காரு."

மூட்டை என் முட்டியைப் பார்த்தது. முட்டி அசையவில்லை. பிஸ்கட்டைப் பார்த்தது. மெல்ல உட்கார்ந்தது.

வீட்டுக்காரர் கையை நீட்டினார். "அந்த பிஸ்கட்டைக் குடுங்க, நான் சொல்றேன்."

அவர் சொன்னதற்கும் உட்கார்ந்தது. மனிதருக்கு முகமெல்லாம் பல்.

"எங்க வீட்ல ஒருத்தரும் என் பேச்சைக் கேக்குறதில்லப்பா," என்றவர், பிஸ்கட் பொட்டலம் காலியாகும்வரை அதை உட்கார வைத்துக்கொண்டே இருந்தார். போகும்போது மனைவியிடம் கேட்டார்: "நாளைக்கும் வரலாமாம்மா?"

"பிஸ்கட் நீங்க கொண்டு வாங்க," என்றாள் அவள்.