சிவசோதிக்கு வந்த வெள்ளைப் பூ

உன் கருத்தைச் சொல்லு என்று ஒருவன் கேட்டு வந்தால், அவன் முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அர்த்தம். அதனால் அணைக்கட்டுக்குக் கீழே, ஆற்றங்கரை மரத்தில் புதிதாக ஒரு பலகை கட்டியிருந்ததைக் கண்டவுடனேயே, இதுவும் கருத்துக் கேட்கிற பலகைதான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாசித்துவிட்டுக் கோபப்படவும் வழியில்லை, அது முழுக்க இங்கிலீசு. மகள் கிரிஜாதான் வாசித்தாள்.

"இந்த அணையிலை கறண்ட் எடுக்கிற கொம்பனிக்கு லைசன்ஸ் முடியுதாம், அப்பா. இன்னும் முப்பது வருசத்துக்குக் கேக்கினம். சனம் ஏதும் சொல்லுறதெண்டால் சொல்லட்டாம்."

"சனம் என்னத்தைச் சொல்லுறது? நல்லாத்தானே ஓடுது, ஓடட்டும்."

"பொறுங்கோ, கீழை இன்னும் இருக்கு. இந்தக் கரை முழுக்க வேலி அடைக்கப் போகினமாம். தண்ணியைத் திடீரெண்டு திறந்து விடுறதாலை ஆபத்தாம். இனி ஒருத்தரும் இறங்கேலாது."

அந்தக் கரையில்தான் என் மனுசி விமலாதேவியின் சாம்பலைக் கரைத்தோம். நாங்கள் இருக்கிற கிரெய்கிபர்னில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம். மாதத்தில் ஒரு ஞாயிறு கிரிஜா என்னைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் காருக்குள் இருந்து போனை நோண்டுவாள். நான் கல்லில் குந்தி விமலாவோடு கதைப்பேன். கதை என்றால் பெரும்பாலும் சண்டைதான். வீட்டில் மருமகனைப் பற்றி வாய் திறக்க முடியாது, இங்கே திறக்கலாம்.

கரைக்கும்போது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடியற்காலையில் வந்து காரியத்தை முடித்து, உடைத்த தேங்காயின் சிரட்டையைக்கூட விடாமல் பொறுக்கிக்கொண்டு போய்விட்டோம். இப்போது வேலி அடைத்தால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"நீங்கள் ஒண்டும் சொல்லப் போகாதேங்கோ. கேக்காமல் கரைச்சதுக்குத் தண்டம் அடிப்பாங்கள்" என்றாள் கிரிஜா.

"எனக்கென்ன விசரே?" என்றேன்.

பலகையில் ரெலிபோன் நம்பர் மட்டும் பெரிதாகப் போட்டிருந்தது. நம்பர் வாசிக்க இங்கிலீசு தேவையில்லை.

அடுத்த நாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். பென்சன் கொடுக்கிற சென்ரர்லிங்கோடு கதைக்கிற மாதிரி "டமில், டமில்" என்று இரண்டு தரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார். நான் இன்டர்பிரட்டர். கம்பெனிக்காரங்க லைன்ல இருக்காங்க. நீங்க சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுவேன்."

"கூட்டாமல் குறைக்காமலோ?"

"ஆமா சார்."

"முதல் ஒண்டு சொல்லு பிள்ளை. இவங்களைப் பாத்தால் நம்பலாம் போலையோ இருக்கு?"

அவள் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் ஒருவன் சிரித்தான்.

"ஐயோ, அதையும் சொல்லிப் போட்டியோ?"

"சொல்லித்தான் ஆகணும் சார். உங்க பேர் கேக்கறாங்க."

நான் பேர் கொடுக்கிறவன் அல்ல. போர்க் காலத்தில் எங்கள் ஊரில் பேர் எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தது நல்லதுக்கு இல்லை. ஆனால் பேர் இல்லாமல் கருத்தை எடுக்க மாட்டார்களாம். யோசித்தேன். தன் பேர் எங்கே வந்தாலும் சந்தோசப்படுகிற ஒரே மனிதரை எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அரியரத்தினம், ஓய்வு பெற்ற தபாலதிபர், மூத்தோர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். அவருடைய பேரையும் விலாசத்தையும் கொடுத்தேன்.

"சரி மிஸ்டர் அரியரத்தினம், சொல்லுங்க."

"என்ரை மனுசியை அந்த ஆத்திலைதான் கரைச்சது. உயிரோடை இருக்கேக்கை அவள் என்னை ஒரு இடமும் தனிய விட்டதில்லை. நீங்கள் நடுவிலை வேலி அடைச்சால் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கத்துவாள். உங்கடை மிசின் ஓடாது. அவளின்ரை குழம்பிலை உப்புக் கூட எண்டு நெடுகச் சண்டை பிடிச்சனான். இப்ப நானே அள்ளிப் போட்டுச் சமைக்கிறன், சரி வருகுதில்லை. அதைச் சொல்லுறதுக்கும் அங்கைதான் போக வேணும். வேலி வேண்டாம். அவ்வளவுதான்."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். பிறகு இங்கிலீசில் சொன்னாள். அந்தப் பக்கத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நான் அதை மறந்தே போய்விட்டேன். ஒரு சனிக்கிழமை அரியரத்தினத்தின் வீட்டில் காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. வாசலில் ஒரு வெள்ளைக்காரி. நெஞ்சில் கொம்பனி அட்டை, கையில் பெரிய வெள்ளைப் பூங்கொத்து. உள்ளே வந்து அரியரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "சொறி, சொறி" என்றாள். "வைஃப்" என்றாள். கையில் இருந்த துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வைஃப், சிவசோதி, அப்போது குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்காரி ஒரு கடதாசியை எடுத்து வாசித்தாள். வாசிக்கும்போது அவளுடைய கண் கலங்கியது. அரியரத்தினம் முதலில் திருதிருவென்று முழித்தார். பிறகு அவள் மீற்றிங் என்றாள், மைக் என்றாள், நியூஸ்பேப்பர் என்றாள். மனிதருடைய முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. தலையைக் கொஞ்சம் குனிந்து, துக்கமான முகம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சிவசோதி தட்டத்தோடு வந்தாள். வெள்ளைக்காரி இவள் யார் என்று பார்த்தாள்.

"மை சிஸ்டர்" என்றார் அரியரத்தினம்.

சிவசோதி முதியோர் இல்லத்துக் குசினியில் நெடுங்காலம் வேலை செய்தவள். அரியரத்தினத்தை விட நன்றாக இங்கிலீசு விளங்கும். வெள்ளைக்காரிக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள். மூன்றாவது கோப்பையைத் தானே குடித்தாள். கார் போன சத்தம் கேட்டபின்தான் வாய் திறந்தாள்.

"சிஸ்டரோ?"

"பொறுமப்பா. கொம்பனிக்காரர் என்னைத் தேடி வந்திருக்கினம். சங்கத்திலை ஆரோ என்ரை பேரைக் குடுத்திருக்கினம். உந்தச் சின்னப் பிழைக்காக ஒரு மேடையை விடேலுமே?"

"நான் செத்தது சின்னப் பிழையோ?"

"கூட்டம் முடிய உயிரோடை இரும். ஆர் வேண்டாமெண்டது?"

அவள் மேசையில் கிடந்த கடதாசியை எடுத்து வாசித்தாள். ஒரு தரம் வாசித்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

"இது நீங்கள் சொன்ன கதை இல்லை. நான் குழம்பிலை உப்புப் போட்டதோ சீனி போட்டதோ உங்களுக்குத் தெரியாது. சாப்பிடேக்கை பேப்பரல்லோ பாக்கிறனீங்கள்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காட்ஸைப் பார்த்தேன்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலி வராவிட்டால் எனக்குப் போதும், பேர் எவனுடையதாக இருந்தால் என்ன?

கூட்டம் அணைக்குப் பக்கத்துச் சின்ன ஊரின் மண்டபத்தில் நடந்தது. கிரிஜாவின் காரில்தான் நாலு பேரும் போனோம். அரியரத்தினம் கோட்டுப் போட்டு, கழுத்தில் கறுப்பு ரை கட்டியிருந்தார். சிவசோதி வேண்டுமென்றே சிவப்புச் சேலை உடுத்தியிருந்தாள். மண்டபத்தில் மாட்டுப் பண்ணைக்காரர், மீன் பிடிக்கிறவர்கள், துடுப்புப் படகுக்காரர் என்று ஒரு ஐம்பது பேர் இருப்பார்கள். முன்னுக்கு மேசையில் கூட்டத் தலைவி, பக்கத்தில் கொம்பனியின் பெரியவர். அது புகை விடுகிற கொம்பனிகளுக்கு அரசாங்கம் கார்பன் வரி போட்ட வருடம். புகையில்லாத கறண்ட், புகையில்லாத கறண்ட் என்று பெரியவர் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார் என்றாள் கிரிஜா. வேலியைப் பற்றி ஒரு தரம்தான் சொன்னாராம். அதை எதிர்த்து வந்தது ஒரேயொரு கருத்தாம்.

அந்தக் கருத்தின் சொந்தக்காரரை மைக்குக்கு அழைத்தார்கள். அரியரத்தினம் எழும்பிப் போனார். நான் சிவசோதிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் எனக்குக் குசுகுசுவென்று மொழிபெயர்த்தாள்.

"இப்ப நான் ஆஸ்பத்திரியிலை, அண்ணை."

"என்ன வருத்தமாம்?"

"அது சொல்லுறார் இல்லை. பெரிய வருத்தம் போலை. இப்ப அவரின்ரை கையைப் பிடிச்சிருக்கிறன்." கொஞ்சம் பொறுத்து, "இப்ப செத்துப் போட்டன்."

முன் வரிசையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். அரியரத்தினம் அதைக் கண்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப என்னவாம்?"

"எல்லாரும் இவரை இன்னொரு கலியாணம் கட்டச் சொல்லிக் கேட்டவையாம். இவர்தான் என்னை நினைச்சு மாட்டன் எண்டவராம்." கைப்பையைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள். "ஆரண்ணை அந்த எல்லாரும்?"

நான் பதில் சொல்வதற்குள் எழும்பிவிட்டாள்.

"எக்ஸ்கியூஸ் மீ. ஐ ஆம் த வைஃப்."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. சிவப்புச் சேலையில், நல்ல ஆரோக்கியமாக நின்றாள். பூ கொண்டு வந்த வெள்ளைக்காரி வாயைக் கையால் பொத்தினாள். அரியரத்தினம் மைக்கில் "சிஸ்டர்..." என்று தொடங்கி, அது எடுபடாது என்று கண்டு நிறுத்தினார்.

பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைவியின் காதில் ஏதோ சொன்னார். கிரிஜா என் பக்கம் குனிந்தாள். "பொய்க் கருத்தாம் அப்பா, நீக்குகினமாம். வேலிக்கு இனி எதிர்ப்பு இல்லையெண்டு எழுதப் போகினம்."

என் கால் தானாக எழும்பியது என்று நான் சொல்ல மாட்டேன். சிவசோதி விலாவில் இடித்தாள்.

"அண்ணை, நான் செத்த கதை முடிஞ்சுது. இனி உங்கடை மனுசியின்ரை கதையைச் சொல்லுங்கோ."

எழும்பினேன். "டமில்" என்றேன். சுவர் ஓரமாக இருந்த ஒரு இளம் பெட்டை மைக்கோடு வந்தாள். "வணக்கம் சார்" என்றாள். போனில் கேட்ட அதே குரல். அவளும் என் குரலுக்குத்தான் காத்திருந்தாள் போல. நான் வாய் திறந்தவுடன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ரை பேர் கதிர்காமநாதன். போன் எடுத்தது நான். பேர்தான் பொய், செத்தது மெய். அவளின்ரை பேர் விமலாதேவி. ஆத்திலை கரைக்கேக்கை உங்களிட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் ஏலாதெண்டு சொல்லியிருப்பியள். தண்டம் எழுதுறதெண்டால் எழுதுங்கோ. என்னட்டைக் காசில்லை, மகள் கட்டுவாள்."

கிரிஜா இரண்டு கையாலும் முகத்தை மூடினாள்.

அந்தப் பெட்டை நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே சொன்னாள். "மை வைஃப் விமலாதேவி" என்றாள். இருபத்தைந்து வயதுப் பெட்டை ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு என் மனுசியைத் தன் மனுசி என்று சொல்கிறாள், ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. விமலா கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

"தண்ணி வருமெண்டால் சைரன் ஊதுறியள்தானே. ஊதினால் நான் ஓடுறனான். வேலி அடைச்சால் ஏறிக் குதிப்பன். இந்த வயதிலை விழுந்து காலை முறிச்சால் அது உங்கடை கணக்கு. அதையும் எழுதுங்கோ."

பின் வரிசையில் தொப்பி போட்ட ஒரு பண்ணைக்காரக் கிழவன் எழும்பினான். தன் தாயின் சாம்பலையும் அங்கேதான் கொட்டினானாம், அவனும் யாரிடமும் கேட்கவில்லையாம். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தன் நாயை அந்தக் கரையில் புதைத்திருக்கிறானாம். ஒரு படகுக்காரி தன் முதல் புருசனைக் கரைத்தாளாம். இரண்டாவது புருசன் பக்கத்தில் இருந்து தலையாட்டினான். தலைவி எழுதிக்கொண்டே இருந்தாள். தன் அணைக்குக் கீழே ஒரு சுடலையே ஓடுகிறது என்று பெரியவருக்கு அன்றுதான் தெரிந்தது. புகையில்லாத கறண்ட் என்று அதற்குப் பிறகு அவர் ஒரு தரமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சிவசோதி முன் சீற்றில் இருந்தாள். நானும் அரியரத்தினமும் பின்னால்.

"ஏன் காணும், என்ரை பேரை ஏன் குடுத்தனீர்?" என்றார் அரியரத்தினம்.

"உமக்குத்தானே மதிப்பு."

அதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. சிவசோதி திரும்பாமலே கேட்டாள். "நான் என்ன வருத்தத்திலை செத்தனான் எண்டு இப்பவாவது சொல்லுங்கோ."

"யோசிக்கேல்லையப்பா. அதுக்குள்ளை நீர் எழும்பிட்டீர்."

கிரிஜா ஸ்டியரிங்கில் கையால் அடித்துச் சிரித்தாள். தண்டத்தை நினைத்து அதுவரைக்கும் என்னோடு கோபமாக இருந்தவள்.

தண்டம் வரவில்லை. லைசன்ஸ் கொடுத்தார்கள், முப்பது வருடத்துக்கு. அது முதலே தீர்மானித்த விசயம், நான் சொன்னேனே. வேலியும் அடைத்தார்கள். ஆனால் நான் குந்துகிற கல்லுக்கு நேரே, திறந்து மூடுகிற ஒரு படலை வைத்தார்கள். பகலில் திறந்திருக்கும், தண்ணீர் திறக்கும் நேரம் மட்டும் பூட்டுவார்களாம். கிரிஜா அறிவிப்பை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

படலையைத் தள்ளிப் பார்த்தேன். திறந்தது. வெளியே இழுத்துப் பார்த்தேன். மறுபடி தள்ளினேன்.

"என்னப்பா செய்யிறியள்? திறந்துதானே கிடக்கு!"

ஒரு பெரிய கல்லாகப் பார்த்து உருட்டிக்கொண்டு வந்து, படலை மூடாதபடி முட்டுக் கொடுத்தேன்.

"காத்துக்குச் சாத்துப்பட்டாலும் எண்டு" என்றேன் மகளுக்கு. காற்றுக்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும். இறங்கிப் போனேன். விமலாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது.