வடமேற்கு மூலையின் நீலப் புள்ளி

...இருக்கிறது, நீலப் புள்ளி இருக்கத்தான் செய்கிறது, லென்ஸை வைத்துப் பார்த்தாலும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே இடத்தில், பக்கத்தில் ‘ஊற்று, வற்றாதது’ என்று பொடி எழுத்து, மலைமேல் மேய்ச்சல் நிலத்தின் வடமேற்கு மூலை, அண்ணனின் தொழுவத்திலிருந்து இரண்டு நாள் நடை. அவன் கேட்டது அவ்வளவுதான். கிணறு மூன்றும் வற்றிவிட்டன, நூற்றிப்பத்து மாடு, வெயில் தாழ்ந்ததும் கிளப்ப வேண்டும், தெற்கே ஆற்றுக்கு ஓட்டினால் தண்ணீர் நிச்சயம், ஆனால் அங்கே ஊர்ப்பட்ட மாடு, புல் கிடையாது, வடக்கே போய் ஊற்று இல்லையென்றால் திரும்பி நடக்க ஒன்றுக்கும் தெம்பிருக்காது, உன் ஆபீஸில் பழைய வரைபடம் இருக்குமே, பார்த்துச் சொல் என்றான். இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம், ஏன் தாளின் அடியைப் பார்த்தேன்? அளந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து, ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, அப்புறம்தான் தேதி. அந்த மூலையை அளந்த பதினோரு நாள். என் ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள், தேதி மறக்குமா, அந்தப் பதினோரு நாளும் எனக்கு விஷக்காய்ச்சல், தலைமாட்டில் அப்பா, மடியில் பலகை, பலகையில் தாள்... என்னப்பா வரையறீங்க என்று கேட்டதற்கு மலை என்றார். லீவு கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். எங்காவது உளறிவிடுவான் என்று அண்ணனிடம்கூட அப்பா மலைக்குப் போயிருப்பதாகவே சொல்லிவைத்தார்கள். மாடு மேய்ப்பவர் யாராவது சொல்லிக் கேட்டு வைத்த புள்ளியாக இருக்கலாம், நிஜமாகவே ஊற்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம்... நூற்றிப்பத்து மாடு, அப்பா. கோபம் வருகிறது, ஆனால் அவர் மேல் நான் எப்படிக் கோபப்படுவது, எனக்காக அல்லவா உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். அப்பா போட்ட படம் என்றதுமே அவன் குரலே மாறிவிட்டது. “அப்ப தண்ணி இருக்கும். கால் வைக்காத இடத்துல அப்பா புள்ளி வைக்க மாட்டாரு.”

“அங்க போகாதேண்ணா, ஆத்துக்கு ஓட்டு” என்றேன். ஏன் என்றான். சொன்னேன், தேதியை, கட்டிலை, பலகையை, நிறுத்தினால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, அம்மாவும் என்னோடு இருந்ததால் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள், தொற்று என்று ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள், தினமும் சாயங்காலம் தெருமுனையில் நின்று மலைப் பாதையைப் பார்ப்பானாம், அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். மாடுகள் கத்துவது மட்டும் போனில் கேட்டது.

“ஆஸ்பத்திரி நம்ம வீட்டுலருந்து ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்துச்சு” என்றான் கடைசியில்.

ஆமாம் என்றேன். எந்தப் பக்கம் ஓட்டப்போகிறான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.